ஒரே மூச்சில் தொடர் பார்த்தல்: ஒரு வரலாறு

ஒரு தொலைக்காட்சித் தொடரின் பல அத்தியாயங்களை இடைவெளி விடாமல் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பிஞ்ச் வாட்சிங் எனப்படுகிறது. மிதமிஞ்சிக் குடிப்பதையும் உண்பதையும் குறித்த 'பிஞ்ச்' என்ற சொல்லே இப்பெயருக்கு அடிப்படை. காலின்ஸ் ஆங்கில அகராதி 2015ஆம் ஆண்டின் சொல்லாக இதன் வினைவடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழில் 'ஒரே மூச்சில் பார்த்தல்', 'தொடர்ச்சியாகப் பார்த்தல்' என்று சொல்லப்பட்டாலும், இளைஞர் பேச்சில் 'பிஞ்ச் வாட்ச்' என்பதே நிலைத்துவிட்டது.

இப்பழக்கம் இணைய ஓடைத் தளங்களோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இதன் வேர்கள் அச்சு இதழ்களிலும் ஒளிநாடாவிலும் குறுந்தட்டிலும் உள்ளன. கதையின் அடுத்த பகுதியை எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இப்பழக்கத்தின் வரலாறு நகர்கிறது. அந்த முடிவு முதலில் ஒளிபரப்பு நிலையத்திடம் இருந்தது. பின்னர் பார்வையாளர் கைக்கு வந்தது. இன்று அதில் ஒரு பங்கு ஓடைத் தள நிறுவனங்களிடம் போயிருக்கிறது.

அச்சில் தொடங்கிய காத்திருப்பு

தொடர்கதைக்காகக் காத்திருக்கும் வழக்கம் தொலைக்காட்சிக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. சார்லஸ் டிக்கன்சின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 ஏப்ரல் முதல் மாத இதழாக இங்கிலாந்தில் வெளிவந்தது. ஓர் இதழின் விலை ஒரு சில்லிங். அன்று மூன்று பாகங்களாக வெளிவந்த ஒரு நாவலின் விலை 31 சில்லிங் 6 பென்ஸ். அவ்வளவு பணம் கொடுக்க முடியாத குடும்பங்களும் தவணை முறையில் கதை படிக்கத் தொடர்கதை வழி செய்தது. கதை முடிந்தபின் அதே இதழ்களைச் சேர்த்துக் கட்டி ஒரே நூலாக வைத்துக்கொண்டோரும் இருந்தனர்.

தமிழிலும் இதே வழக்கம் வேரூன்றியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. வாரந்தோறும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பின்னர் பைண்டிங் செய்து வைத்த வீடுகள் தமிழகத்தில் ஏராளம். அப்படிக் கட்டிய தொகுதிகள் உறவினர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் இரவல் போயின. முதல் வாசகர் வாரக்கணக்கில் காத்திருந்து படித்த கதையை, இரவல் வாங்கியவர் ஒரு கோடை விடுமுறையில் படித்து முடித்தார். ஒரே மூச்சில் கதையை நுகர்வதற்கு வேண்டிய இரண்டும் இங்கேயே அமைந்துவிட்டன: கதை முழுவதும் கையில் இருக்க வேண்டும், அதைப் 'படித்துப் பார்' என்று நீட்ட ஒருவர் இருக்க வேண்டும்.

நிலையத்தின் கடிகாரம்

வானொலி வந்தபோது கதை கையில் வைத்துக்கொள்ள முடியாத பொருளாக மாறியது. 1930களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பகல் நேரத்தில் தினசரி நாடகங்களை ஒலிபரப்பின. பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்பு நிறுவனங்கள் அவற்றுக்கு விளம்பர ஆதரவு அளித்ததால் 'சோப் ஓபெரா' என்ற பெயர் ஏற்பட்டது. 1937இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை, மொத்தம் 72 ஆண்டுகள் நீடித்தது. குறித்த நேரத்தில் கேட்கத் தவறியவருக்கு அந்த நாள் பகுதி போனது போனதுதான்.

அமெரிக்காவின் மாலைநேரத் தொடர்கள் வேறு வழியில் சென்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனிக் கதையாக இருந்தது. மருத்துவர் ஒரு நோயாளியைக் குணப்படுத்துவார். துப்பறிவாளர் ஒரு வழக்கை முடிப்பார். அடுத்த வாரம் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதற்கு வணிகக் காரணம் உண்டு. ஒரு வாரம் தவறவிட்டவர் அடுத்த வாரமும் குழப்பமின்றி வந்து அமர வேண்டும். மேலும், பழைய அத்தியாயங்களை மறுஒளிபரப்புக்காக உள்ளூர் நிலையங்களுக்கு விற்கும்போது அவை எந்த வரிசையில் ஓடினாலும் புரிய வேண்டும்.

பழைய ஒளிபரப்பை மீண்டும் யாரேனும் பார்க்க விரும்புவர் என்ற எண்ணமே அக்காலத்தில் குறைவாக இருந்தது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, 1960களில் வெளியான 'டாக்டர் ஹூ' தொடரின் ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. அதனால் அத்தொடரின் தொடக்ககால அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை நீண்ட காலம் காணாமற்போனவையாகவே இருந்தன.

நிலையத்தின் கடிகாரத்துக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதை 'டல்லஸ்' காட்டியது. 1980 மார்ச் 21 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தின் இறுதியில் ஜே.ஆர். யூவிங் என்ற பாத்திரத்தை யாரோ சுட்டுவிடுகின்றனர். அந்த ஆண்டு நடிகர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, சுட்டவர் யார் என்பதை அறிய நவம்பர் 21 வரை எட்டு மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. விடை வெளியான அத்தியாயத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ 8 கோடியே 30 லட்சம் பேர் ஒரே இரவில் பார்த்தனர்.

ஒளிநாடாவும் உச்ச நீதிமன்றமும்

இந்தக் கடிகாரத்தை முதலில் உடைத்தது ஒளிநாடாப் பதிவுக் கருவி. சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் கருவியையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் கருவியையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, விரும்பிய நேரத்தில் பார்க்க இவை உதவின. யுனிவர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள் இது பதிப்புரிமை மீறல் என்று கூறி 1976இல் சோனி மீது வழக்குத் தொடர்ந்தன.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984 ஜனவரி 17 அன்று 5க்கு 4 என்ற வாக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து பின்னர் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. குழந்தைகள் நிகழ்ச்சிகளை நடத்திவந்த ஃபிரெட் ராஜர்ஸ் அளித்த சாட்சியமும் தீர்ப்பில் இடம்பெற்றது. குடும்பங்கள் தம் நேரத்துக்கு ஏற்பத் தம் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பார்ப்பதை அவர் ஆதரித்திருந்தார். ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் வீட்டுப் பதிவின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

அதே 1980களில் தமிழகத்தில் இக்கருவி 'டெக்' என்ற பெயரில் பரவியது. சொந்தமாக வாங்க இயலாதவர்கள் ஓர் இரவுக்கு வண்ணத் தொலைக்காட்சியையும் டெக்கையும் மூன்று நான்கு கேசட்டுகளையும் வாடகைக்கு எடுத்தனர். திருமண வீடுகளிலும் தெருவிலும் கூடி உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்த்தனர். வாடகை ஓர் இரவுக்கு என்பதால், எடுத்த கேசட்டுகளை விடிவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். பார்த்தவை திரைப்படங்களே என்றாலும், பார்த்த முறை இன்று பிஞ்ச் வாட்ச் எனப்படுவதற்கு மிக நெருக்கமானது. ஒரு வேறுபாடு உண்டு: அன்று அதை ஊரே கூடிப் பார்த்தது.

குறுந்தட்டுப் பெட்டியும் புதுவகைக் கதையும்

ஒளிநாடாவில் முழுத் தொடரை விற்பது எளிதாக இல்லை. ஒரு நாடாவில் சில அத்தியாயங்களே அடங்கின. ஒரு பருவம் முழுவதும் ஓர் அலமாரித் தட்டை அடைத்துக்கொண்டது. 1997இல் அமெரிக்காவுக்கு வந்த டிவிடி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் முதல் பருவம், அதாவது முதல் சீசன், 24 அத்தியாயங்களோடு 2000ஆம் ஆண்டில் 7 தட்டுகள் கொண்ட பெட்டியாக வெளிவந்தது. முழுப் பருவத்தையும் பெட்டியாக விற்கும் வழக்கம் அதன்பின் விரைவாகப் பரவியது.

இந்த மாற்றம் கதை சொல்லும் முறையையும் தொட்டது. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' (1981), 'ட்வின் பீக்ஸ்' (1990) ஆகியவை ஏற்கெனவே பல வாரங்கள் நீளும் கதையிழைகளைக் கையாண்டிருந்தன. ஆனால் ஒரு வாரம் தவறினால் கதை புரியாமல் போகும் என்ற அச்சம் நிலையங்களை விடவில்லை. பெட்டியில் முழுப் பருவமும் கிடைக்கும்போது அந்த அச்சம் குறைந்தது. எச்பிஓ வெளியிட்ட 'தி சோப்ரானோஸ்' (1999-2007), 'தி வயர்' (2002-2008), ஃபாக்ஸ் வெளியிட்ட '24' (2001) ஆகியவை நாவலின் அத்தியாயங்கள்போல ஒன்றையொன்று சார்ந்து நின்றன. 'தி வயர்' ஒளிபரப்பான காலத்தில் பெரும் கூட்டத்தை ஈர்க்கவில்லை. ஒருவர் வாங்கிய பெட்டியை நான்கு பேர் இரவல் வாங்கிப் பார்த்ததன் வழியாகவே அதன் புகழ் வளர்ந்தது.

குறுந்தட்டு விற்பனை சில தொடர்களுக்கு மறுவாழ்வும் கொடுத்தது. 2002இல் நிறுத்தப்பட்ட 'ஃபேமிலி கை' என்ற கேலிச்சித்திரத் தொடர், தட்டுகள் நன்றாக விற்றதாலும் மறுஒளிபரப்பு வரவேற்பைப் பெற்றதாலும் 2005இல் மீண்டும் தொடங்கியது. 'ஃபயர்ஃபிளை' தொடரின் 14 அத்தியாயங்களில் 11 மட்டுமே, அதுவும் வரிசை மாறி, 2002இல் ஒளிபரப்பாயின. 2003 டிசம்பரில் வந்த டிவிடி பெட்டியில்தான் பார்வையாளர்கள் அதைச் சரியான வரிசையில் முழுமையாகப் பார்த்தனர். அந்த வரவேற்பின் விளைவாக 2005இல் 'செரினிட்டி' என்ற திரைப்படம் உருவானது. நிலையம் கைவிட்டதைப் பார்வையாளர் காப்பாற்ற முடியும் என்பதற்கு இவை சான்றாயின.

பரிந்துரை கணிப்பொறிக்குச் சென்ற கதை

ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் ஆகியோர் 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், முதலில் டிவிடிக்களை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பும் நிறுவனமாக இருந்தது. கடைக்காரரோ நண்பரோ 'இதைப் பார்' என்று சொல்வதற்கு ஈடாக ஏதாவது அதற்குத் தேவைப்பட்டது. வாடிக்கையாளர்கள் அளித்த மதிப்பெண்களைக் கொண்டு, ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் மென்பொருளை நிறுவனம் உருவாக்கியது.

அக்கணிப்பை 10 விழுக்காடு மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுப் போட்டிக்குப் பின், 2009 செப்டம்பரில் ஆய்வாளர் குழு ஒன்று 10.06 விழுக்காடு மேம்பாட்டுடன் பரிசை வென்றது. ஆனால் வென்ற முறையை நிறுவனம் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. செயல்படுத்தும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்பது ஒரு காரணம். அதற்குள் வணிகமே மாறிவிட்டது என்பது மற்றொரு காரணம். 2007இல் தொடங்கிய இணைய ஓடைச் சேவையில், பார்வையாளர் அளிக்கும் மதிப்பெண்ணைவிட அவர் எதைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார், எதை முடித்தார் என்ற பதிவுகள் நிறுவனத்துக்கு அதிகம் சொல்லின.

ஓடைச் சேவையின் வலிமையைக் காட்டிய தொடர் 'பிரேக்கிங் பேட்'. ஏஎம்சி நிலையத்தில் 2008 ஜனவரியில் ஏறத்தாழ 14 லட்சம் பார்வையாளர்களோடு தொடங்கிய இத்தொடரின் பழைய பருவங்கள் நெட்ஃபிளிக்சில் கிடைத்தன. தாமதமாகக் கேள்விப்பட்டவர்கள் முதலிலிருந்து பார்த்து, புதிய பருவம் தொடங்கும்போது ஒளிபரப்பில் வந்து சேர்ந்துகொண்டனர். 2013 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். தொடர் நிலைத்து நிற்க நெட்ஃபிளிக்ஸ் உதவியதாக அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே அந்த ஆண்டு எம்மி விருது விழாவில் கூறினார்.

2013: ஒரே நாளில் முழுப் பருவம்

அதுவரை ஒரே மூச்சில் பார்ப்பது பழைய தொடர்களுக்கு மட்டுமே இயன்றது. நெட்ஃபிளிக்ஸ் 2012 பிப்ரவரியில் நார்வே நாட்டுக் கூட்டுத் தயாரிப்பான 'லில்லிஹாமர்' தொடரின் எட்டு அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. 2013 பிப்ரவரி 1 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 அத்தியாயங்களும் ஒன்றாக வெளிவந்தன. பெரும் பொருட்செலவில் எடுத்த புதிய தொடர் ஒன்று வாராந்திரக் காத்திருப்பே இல்லாமல் வந்தது உலகெங்கும் பேசப்பட்டது.

கடிகாரம் முழுவதும் பார்வையாளர் கைக்கு வந்துவிட்டது என்று அன்று தோன்றியது. ஆனால் தளத்தின் வடிவமைப்பு மெல்ல மெல்ல வேறு திசையில் நகர்ந்தது. 2012 முதல் ஓர் அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது சில நொடிகளில் தானாக ஓடத் தொடங்கியது. 2017இல் தொடக்க இசையைத் தாண்டும் பொத்தான் வந்தது. முன்பு அடுத்த தட்டை எடுத்துப் போட எழுந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மணியைப் பார்க்கலாம், தூங்கப் போகலாம். தானியங்கி ஓட்டத்தில் நிறுத்துவதற்குத்தான் முயற்சி தேவைப்பட்டது. தம் நிறுவனத்தின் போட்டியாளர் தூக்கம்தான் என்று ஹேஸ்டிங்ஸ் 2017இல் கூறியது வெறும் நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

அதே ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. 18 முதல் 25 வயது வரையிலான 423 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், தொடர்ச்சியாகப் பார்ப்போரின் தூக்கத்தின் தரம் குறைந்திருந்ததும், படுத்த பின்னும் மனம் விழிப்போடு இருந்ததும் தெரியவந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு, ஒரே தொடரை ஒரே அமர்விலும் நாளுக்கு ஒன்றாகவும் வாரத்துக்கு ஒன்றாகவும் பார்த்த மூன்று குழுக்களை ஒப்பிட்டது. ஒரே அமர்வில் பார்த்தவர்கள் மறுநாள் கதையை நன்றாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் நாளடைவில் அவர்களே விரைவாக மறந்தனர். தொடரை இரசித்த அளவும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வு என்றாலும், காத்திருப்புக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பை அது சுட்டிக்காட்டியது.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியத் தொலைக்காட்சித் தொடரின் வரலாறு 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரோடு விரிவடைந்தது. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் வந்த இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' தெருக்களை வெறிச்சோட வைத்தது. 2020 மார்ச் 28 முதல் கொரோனா ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதே தொடரைக் காலையும் மாலையுமாக நாளுக்கு இரண்டு அத்தியாயங்கள் மறுஒளிபரப்புச் செய்தது. ஒரு தலைமுறை ஒன்றரை ஆண்டு காத்திருந்து பார்த்த கதையை, அடுத்த தலைமுறை சில வாரங்களில் பார்த்து முடித்தது.

தமிழில் 1990களில் 'மர்மதேசம்' போன்ற வாரத் தொடர்கள் முடிவுள்ள கதைகளைச் சொல்லின. 'சித்தி' (1999-2001), 'மெட்டி ஒலி' (2002-2005), 'கோலங்கள்' (2003-2009) ஆகிய நெடுந்தொடர்களின் காலத்தில் கதை தினசரி வழக்கமாக மாறியது. 'கோலங்கள்' 1,500 அத்தியாயங்களைக் கடந்தது. அத்தியாயத்துக்கு 20 நிமிடம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 8 மணி நேரம் பார்த்தாலும் முடிக்க இரண்டு மாதங்கள் ஆகும். நெடுந்தொடர்கள் ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே பார்ப்பவருக்காக, ஒரு நாள் தவறினாலும் புரியும்படி நிகழ்வுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அமைப்பு அவற்றுக்கு இருந்தது.

2015இல் ஹாட்ஸ்டாரும், 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்சும், அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவில் சேவையைத் தொடங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசித் தரவின் விலை வெகுவாகக் குறைந்தது. தொடர் பார்ப்பது கூடத்தில் உள்ள ஒரே தொலைக்காட்சியிலிருந்து ஒவ்வொருவர் கைப்பேசிக்கும் நகர்ந்தது. தமிழில் 'குயின்' (2019), 'நவம்பர் ஸ்டோரி' (2021) ஆகியவற்றைத் தொடர்ந்து, புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூன் 17 அன்று எட்டு அத்தியாயங்களோடு ஒரே நாளில் வெளியானது. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது ஒரே நேரத்தில் கிடைத்தது.

எழுதுவோருக்கு நேர்ந்த மாற்றம்

பார்வையாளருக்குக் கிடைத்த வசதிக்கு மற்றொரு பக்கமும் இருந்தது. பழைய அமெரிக்க முறையில் ஒரு பருவம் 22 அல்லது 24 அத்தியாயங்கள் கொண்டது. எழுத்தாளருக்கு ஆண்டின் பெரும்பகுதி வேலை இருந்தது. மறுஒளிபரப்பின்போதெல்லாம் உரிமத்தொகையும் கிடைத்தது. ஓடைத் தளங்களில் ஒரு பருவம் 8 அல்லது 10 அத்தியாயங்களாகச் சுருங்கியது. தொடர் எத்தனை கோடி முறை பார்க்கப்பட்டாலும் உரிமத்தொகை அதற்கேற்ப உயரவில்லை. எத்தனை பேர் பார்த்தனர் என்ற கணக்கையும் தளங்கள் வெளியிடவில்லை.

இவற்றோடு செயற்கை நுண்ணறிவு குறித்த அச்சமும் சேர்ந்து, 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜூலை 14 முதல் நடிகர் சங்கமும் இணைந்தது. எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 148 நாள்கள் நீடித்தது. உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்கு ஈடான பார்வையை முதல் 90 நாள்களில் எட்டும் தொடர்களுக்குக் கூடுதல் ஊதியம் தரப்படும் என்பது புதிய ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அந்த டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் முதன்முறையாக 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகளின் பார்வை நேரத்தை வெளியிட்டது.

திரும்பி வந்த காத்திருப்பு

ஒரே நாளில் வெளியாகும் தொடர் ஒரே வாரத்தில் பேசி முடிக்கப்பட்டு மறக்கப்படுகிறது என்பதை நிறுவனங்களும் உணர்ந்தன. ஒரு மாதச் சந்தாவில் முழுவதையும் பார்த்துவிட்டு விலகுவோரும் பெருகினர். 2019 நவம்பரில் தொடங்கிய டிஸ்னி பிளஸ், 'தி மண்டலோரியன்' தொடரை வாரம் ஒன்றாக வெளியிட்டது. அமேசான் 2020 செப்டம்பரில் 'தி பாய்ஸ்' இரண்டாம் பருவத்தின் முதல் மூன்று அத்தியாயங்களை ஒன்றாகவும், மீதியை வாரம் ஒன்றாகவும் தந்தபோது, முழுவதும் கிடைக்கவில்லை என்று சினமுற்ற பார்வையாளர்கள் குறைந்த மதிப்பெண் அளித்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நெட்ஃபிளிக்சும் 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் பருவத்தை மே 27, ஜூலை 1 என இரு தவணைகளாகப் பிரித்தது.

மறுபுறம், 2021 செப்டம்பர் 17 அன்று ஒன்பது அத்தியாயங்களும் ஒன்றாக வெளிவந்த தென்கொரியத் தொடர் 'ஸ்குவிட் கேம்' முதல் 28 நாள்களில் 165 கோடி மணி நேரம் பார்க்கப்பட்டது. இரு முறைகளும் இன்று அருகருகே நிற்கின்றன. எதைத் தேர்வது என்பதை முடிவு செய்வது தளங்களே.

எந்தத் தொடரை எப்படிப் பார்ப்பது

இந்த வரலாற்றைத் திரையிலேயே அறிய விரும்பும் மாணவர்களுக்குச் சில தொடர்கள் உதவும். ஒவ்வொன்றும் உருவான காலத்தின் வேகத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

'ட்வின் பீக்ஸ்' முதல் இரு பருவங்கள் 30 அத்தியாயங்கள் கொண்டவை. லாரா பால்மரைக் கொன்றவர் யார் என்று வாரக்கணக்கில் ஊகிக்க வைத்த இத்தொடரை வேகமாகப் பார்த்தால் அந்த ஊகத்தின் சுவை போய்விடும். நாளுக்கு ஒன்று என்பது பொருத்தமான அளவு.

'தி வயர்' ஐந்து பருவங்கள், 60 அத்தியாயங்கள். பால்டிமோர் நகரின் காவல்துறை, துறைமுகம், அரசியல், பள்ளி, நாளிதழ் எனப் பருவத்துக்கு ஒரு களமாக விரிகிறது. பாத்திரங்கள் பலர் என்பதால் நீண்ட இடைவெளி விட்டால் இழை அறுந்துவிடும். ஒரு பருவத்தை ஒரு வாரத்தில் முடித்து, அடுத்ததற்கு முன் சற்று நிறுத்துவது நல்லது.

ஜெர்மானியத் தொடரான 'டார்க்' (2017-2020) மூன்று பருவங்களில் 26 அத்தியாயங்கள் கொண்டது. ஒரே ஊரின் நான்கு குடும்பங்களைப் பல காலங்களில் பின்தொடரும் இதன் கதை, முழுவதும் ஒன்றாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. குடும்ப உறவுகளைத் தாளில் வரைந்துகொண்டு அடுத்தடுத்துப் பார்ப்போருக்கே இது முழுமையாகப் பிடிபடும்.

'செர்னோபில்' (2019) ஐந்து அத்தியாயங்களில் முடிந்துவிடும். 1986ஆம் ஆண்டு அணுஉலை விபத்தைச் சொல்லும் இதை ஒரே நாளில் பார்க்க இயலும். ஆனால் இதன் கனம் இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்ளவே சொல்லும். தமிழில் 'சுழல்' முதல் பருவம் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திருப்பத்தை வைத்து, அடுத்ததைத் தொடங்கத் தூண்டும் அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எது நிலைக்கும்

இன்று ஒருவர் தம் நண்பருக்கு ஒரு தொடரைப் பரிந்துரைக்கும்போது பெட்டியை நீட்டுவதில்லை. எந்தத் தளத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார். அது நாளையும் அங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2022 நவம்பரில் வெளியான 'வில்லோ' தொடரை டிஸ்னி பிளஸ் 2023 மே மாதத்தில், வெளியாகி ஓராண்டுகூட ஆகாத நிலையில், தன் தளத்திலிருந்து நீக்கியது. தட்டாக விற்கப்படாத தொடர் நீக்கப்பட்டால், பணம் கட்டிய சந்தாதாரருக்கும் அதைப் பார்க்க வழியில்லை. நெட்ஃபிளிக்சின் அஞ்சல்வழி டிவிடி சேவையும் 2023 செப்டம்பர் 29 அன்று நிறுத்தப்பட்டது.

பிபிசி அழித்த 'டாக்டர் ஹூ' அத்தியாயங்களின் கதை இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. அவற்றில் சில, வெளிநாட்டு நிலையங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. 2013இல் ஒன்பது அத்தியாயங்கள் நைஜீரியாவிலிருந்து மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. படம் கிடைக்காத அத்தியாயங்களுக்கும் ஒலி முழுமையாக எஞ்சியிருக்கிறது. 1960களில் ஒளிபரப்பின்போது சில இரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்து, அந்த நாடாக்களைப் பத்திரமாக வைத்திருந்ததே அதற்குக் காரணம்.